ஒளிக்கீற்று ஏன் புள்ளிபுள்ளியாகச் சிதறுகிறது?

இரவுச் செய்தி தொடங்கும் முன் வரும் நாலைந்து நொடிகளைக் கவனித்துப் பாருங்கள். திரையின் ஓரத்திலிருந்து தங்க நிறத்தில் ஓர் ஒளிக்கீற்று சீறி வரும். வளைந்து, சுழன்று, நிறுவனத்தின் பெயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்து மறையும். நகைக்கடை விளம்பரம், திரைப்பட விழாவின் முன்னோட்டம், கல்யாண வீடியோவின் முதல் காட்சி என்று எங்கு பார்த்தாலும் இந்தக் கீற்று உண்டு.

இதைச் செய்யும் கைகள் திருவனந்தபுரத்தில் நிறைய உண்டு. கேரள அரசு 1988-ல் தொடங்கிய சி-டிட் நிறுவனம் திருவல்லம் சித்ராஞ்சலி குன்றில் அனிமேஷனும் காட்சி ஊடகமும் கற்றுத்தருகிறது. கழக்கூட்டத்தை ஒட்டி 1990-ல் உருவான டெக்னோபார்க்கில் 1999 முதல் டூன்ஸ் நிறுவனம் இயங்குகிறது; நம் தெனாலிராமனைத் தொலைக்காட்சி அனிமேஷன் தொடராக்கியவர்கள் அவர்கள்தான். ஏஷியாநெட் 1993-ல் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. சேனல்களுக்கும் விளம்பரங்களுக்கும் எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் மோஷன் கிராஃபிக்ஸ் வேலை இந்த நகரத்தில் ஒரு பிழைப்பு. பலருக்கு அதுவே ஆசையும்கூட.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். பாடத்தில் காட்டியபடியே எல்லாம் செய்திருப்பார்கள். ஆனால் கீற்று வழுவழுப்பாக வராது. புள்ளிபுள்ளியாக உடையும், அல்லது வளைவில் மூலை மூலையாக மடங்கும், அல்லது ஆரஞ்சு நிறம் கேட்ட இடத்தில் சுண்ணாம்பாக வெளுத்து நிற்கும். உடனே கைக்குக் கிடைத்த குமிழையெல்லாம் திருகத் தொடங்குவார்கள். ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். கடைசியில் பழி கணினியின் மேலோ மென்பொருளின் மேலோ விழும்.

அந்தப் பழி நியாயமில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தக் கோளாறுகள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. காரணம் தெரிந்தவர், கீற்றைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கணக்கு பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கோடு என்று ஒன்று இல்லை

முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இது: மென்பொருளுக்குள் ஒளிக்கோடு என்று எதுவும் கிடையாது. அங்கே இருப்பது எமிட்டர் என்னும் ஒரு புள்ளி. அது நகர்ந்துகொண்டே துகள்களைப் பிறப்பிக்கிறது. ஒவ்வொரு துகளுக்கும் பிறந்த நேரம், இடம், வேகம், அளவு, நிறம், ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்ததும் துகள் மறைந்துவிடும். ஆயிரக்கணக்கான துகள்கள் நெருங்கி நிற்கும்போது நம் கண் அவற்றைச் சேர்த்து ஒரு கோடாகப் பார்க்கிறது.

இந்த முறைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1982-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் இரண்டாம் படத்தில், உயிரற்ற ஒரு கோளை நெருப்புச் சுவர் சூழ்ந்து மாற்றும் காட்சி ஒன்று உண்டு. அதற்காக லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் வில்லியம் ரீவ்ஸ் உருவாக்கியதுதான் துகள் முறை. 1983-ல் அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நெருப்பு, புகை, மேகம் போன்று திட்டமான விளிம்பு இல்லாத பொருள்களை எப்படி வரைவது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒவ்வொரு துகளையும் அவர் ஒரு சிறு விளக்காகக் கருதினார். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வெளிச்சத்தைக் கூட்டினார். வேகமாகப் பறக்கும் துகளை, கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது கடக்கும் தூரத்துக்குச் சிறு கீறலாக வரைந்தார். இன்றைய ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளிலும் அதற்கான டிராப்கோடு பர்டிகுலர் பிளக்இன்னிலும் நடப்பது அடிப்படையில் இதுவேதான்.

ஆக, கீற்று என்பது நான்கு கணக்குகளின் விளைவு: எத்தனை துகள், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு வெளிச்சத்தில். கோளாறு எதுவானாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும்.

தும்பா வானத்தில் வரைந்த கோடு

டெக்னோபார்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் தும்பா இருக்கிறது. நிஜமான ஒரு துகள் கீற்று அங்கிருந்து வானத்தில் வரையப்பட்டது. 1963 நவம்பர் 21 மாலை, இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அது. அதன் தலையில் பிரான்சிலிருந்து வந்த சோடியம் ஆவிக் கலம் இருந்தது.

நேரத்தைத் திட்டமிட்டே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பொழுது சாய்ந்து தரை இருட்டியிருக்க வேண்டும்; அதே சமயம் நூறு கிலோமீட்டருக்கு மேலே வெயில் மிச்சமிருக்க வேண்டும். ராக்கெட் ஏறிக்கொண்டே ஆவியை வெளியேற்ற, சோடியம் அணுக்கள் அந்த வெயிலை வாங்கி 589 நானோமீட்டர் அலைநீளத்தில் திருப்பி உமிழ்ந்தன. தெருவிளக்கில் முன்பு பார்த்த அதே மஞ்சள்-ஆரஞ்சு நிறம். இருட்டிய வானத்தில் அந்த நிறத்தில் ஒரு நீண்ட கீற்று தெரிந்தது.

இந்தச் சோதனை வேடிக்கைக்காக நடந்ததில்லை. மேல் வளிமண்டலத்தில் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று அறிவதே நோக்கம். இப்படிப்பட்ட கீற்றைத் தள்ளித்தள்ளி உள்ள இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து, அது வளைந்து நெளியும் விதத்தை ஒப்பிட்டால் ஒவ்வோர் உயரத்திலும் உள்ள காற்றைக் கணக்கிட்டுவிடலாம்.

ராக்கெட்டை எமிட்டராகவும் சோடியம் அணுவைத் துகளாகவும் வைத்துப் பாருங்கள். நம் மென்பொருள் நடிக்க முயல்வது இந்த நிகழ்வைத்தான். வித்தியாசம் இரண்டு. ஒரு கிலோ சோடியத்தில் உள்ள அணுக்களை எழுத 26-க்குப் பின்னால் 24 சுழி போட வேண்டும். நம்மிடம் இருப்பது சில ஆயிரம் துகள்கள். இயற்கையில் நேரம் இடைவிடாமல் ஓடுகிறது. நம்மிடம் அது நொடிக்கு 25 பிரேம் என்று துண்டு துண்டாக ஓடுகிறது. கீற்றில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு பற்றாக்குறைகளிலிருந்துதான் பிறக்கிறது.

இடைவெளிக் கணக்கு

புள்ளியாக உடையும் கீற்றை எண்களோடு பார்ப்போம். திரையின் அகலம் 1920 பிக்சல். எமிட்டர் ஒரு நொடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 76.8 பிக்சல் நகர்கிறது. நொடிக்கு 100 துகள் பிறக்கிறது என்று வையுங்கள். பிரேமுக்கு நான்கு துகள்; இரண்டு துகளுக்கு இடையே 19.2 பிக்சல். துகளின் அகலம் 5 பிக்சல் என்றால் நடுவில் 14 பிக்சல் வெறும் இருட்டு. கோடு உடையாமல் என்ன செய்யும்?

துகளின் அகலத்தில் பாதிக்கும் குறைவாக இடைவெளி இருந்தால் கண்ணுக்குக் கோடு தொடர்ந்து தெரியும். இங்கே 2 பிக்சல் இடைவெளி வேண்டும். அதற்கு நொடிக்கு 960 துகள் தேவை. ஒவ்வொரு துகளும் 3 நொடி வாழ்ந்தால் ஒரே சமயத்தில் 2,880 துகள்கள் உயிரோடு இருக்கும். இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டால் கணினி எவ்வளவு சுமக்கப்போகிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எமிட்டர் ஒரே சீராக ஓடுவது அபூர்வம். மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெதுவாக நிற்கும்படிதான் கீபிரேம் வைப்போம். 'ஈஸி ஈஸ்' கொடுத்த நகர்வில் நடுப்பகுதியின் வேகம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு. 19.2 பிக்சல் இடைவெளி அங்கே 28.8 ஆகிவிடும். இரண்டு முனைகளிலோ வேகம் குறைந்து துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். அதனால்தான் கீற்று நடுவில் நூலாக இளைத்தும் முனைகளில் கட்டியாகத் திரண்டும் தெரிகிறது. தோவாளையிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வரும் பூவைச் சரமாகக் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஒரு முழத்துக்கு எடுத்த பூவை ஒன்றரை முழத்துக்கு இழுத்தால் நார் வெளியே தெரிந்துவிடும்.

தீர்வு வேகத்தோடு பிறப்பு வீதத்தையும் சேர்த்து ஏற்றுவதுதான். எமிட்டர் வேகமெடுக்கும் இடத்தில் துகள் எண்ணிக்கைக்கும் கீபிரேம் வைக்கலாம். யூனிட்டி போன்ற கேம் என்ஜின்களில் நேரத்துக்குப் பதிலாகத் தூரத்துக்கு இத்தனை துகள் என்று சொல்லும் வசதியே உண்டு. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். இரவுச் சாலையில் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்த படங்களில், வண்டி மெதுவாகப் போன இடத்தில் விளக்கின் கோடு பிரகாசமாகவும் விரைந்த இடத்தில் மங்கலாகவும் விழுந்திருக்கும். நிஜ ஒளியின் குணம் அது. கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் கீற்றுக்கு உயிர் இருக்கும்.

வட்டம் ஐங்கோணமாகும்போது

எண்ணிக்கையை ஏற்றிய பிறகும் கீற்று சரியாகவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். எமிட்டர் வட்டமாகச் சுற்றுகிறது, நொடிக்கு ஐந்து சுற்று. 25 பிரேமில் ஐந்து சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஐந்து பிரேம்தான். மென்பொருள் ஒவ்வொரு பிரேமிலும் எமிட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த ஐந்து இடங்களையும் நேர்கோட்டால் இணைத்துத் துகள்களைத் தூவினால் என்ன கிடைக்கும்? ஐங்கோணம். துகள் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் அது ஐங்கோணமாகவே இருக்கும். நெருக்கமான ஐங்கோணமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து, பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவில் எமிட்டரின் இடத்தைக் கேட்பது. பர்டிகுலரில் 'பொசிஷன் சப்ஃப்ரேம்' என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. நேர்கோட்டு முறை, பத்து மடங்கு நுணுக்கம், ஒவ்வொரு துகளுக்கும் துல்லியமாகக் கேட்பது என்று அதில் படிகள் உண்டு. துல்லியம் கூடக்கூட ரெண்டர் நேரமும் கூடும். மெதுவாக வளையும் கீற்றுக்கு நேர்கோட்டு முறையே போதும். சுழலும் கீற்றுக்குப் பத்து மடங்கு வேண்டும்.

எண்ணிக்கைக் குறையையும் நேரக் குறையையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். புள்ளிகள் வழி நெடுகச் சம இடைவெளியில் நின்றால் துகள் போதவில்லை. கொத்துக் கொத்தாக, பிரேமுக்கு ஒரு கொத்து என்று நின்றாலோ மூலை மூலையாக மடங்கினாலோ சப்ஃப்ரேம் சரியில்லை. புள்ளிகள் மினுக்கி மினுக்கி மறைந்தால் துகளின் அளவு ஒரு பிக்சலுக்கும் கீழே போய்விட்டது. அது பிக்சல் கட்டங்களுக்கு நடுவே விழுந்தும் எழுந்தும் தடுமாறுகிறது. அளவைச் சிறிது ஏற்றினால் மினுக்கல் அடங்கும்.

வேகத்தில் உருவம் மங்கித் தெரியும் மோஷன் பிளரும் நேரம் சம்பந்தப்பட்டதுதான். ஷட்டர் கோணம் 180 டிகிரி என்றால் 25 பிரேமில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் துகள் எங்கெங்கே இருந்தது என்று மென்பொருள் சில மாதிரிகள் எடுத்துக் கலக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் முப்பரிமாண லேயர்களுக்கும் சில எஃபெக்ட்களுக்கும் இந்த மாதிரிகள் பிரேமுக்கு 16 என்று தொடங்கும். பிரேமுக்கு 200 பிக்சல் பறக்கும் துகள், பாதி நேரத்தில் 100 பிக்சல் போகிறது. அதை 16 மாதிரிகளில் பங்கிட்டால் ஆறு பிக்சலுக்கு ஒரு நகல். துகளின் அகலம் அதற்கும் குறைவு என்றால் மங்கலான கீறலுக்குப் பதில் வரிசையாக நிழல் நகல்கள் தெரியும். இங்கே மாதிரி எண்ணிக்கையைத்தான் ஏற்ற வேண்டும். துகள் எண்ணிக்கையை ஏற்றிப் பயனில்லை.

ஆரஞ்சு ஏன் வெளுக்கிறது

இடைவெளியை அடைத்தாகிவிட்டது. இப்போது கீற்று வெள்ளையாக எரிகிறது. துகளுக்குக் கொடுத்ததோ நல்ல ஆரஞ்சு. இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். ஒரு துகளின் நிறம் சிவப்பு 60, பச்சை 25, நீலம் 8 என்று வையுங்கள். மங்கலான ஆரஞ்சு. 'ஆட்' முறையில் கலந்தால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எண்கள் கூடும். ஐந்து துகள் சேர்ந்தால் சிவப்பு 300 ஆக வேண்டும். 255-ல் முட்டி நின்றுவிடும். பச்சை 125, நீலம் 40. இன்னும் ஆரஞ்சுதான். பத்துத் துகள் சேர்ந்தால் சிவப்பு அதே 255, பச்சை 250, நீலம் 80. இப்போது மஞ்சள். முப்பத்திரண்டு சேர்ந்தால் நீலமும் 255-ஐத் தொட்டுவிடும். மூன்றும் முட்டிவிட்டால் வெள்ளை.

ரீவ்ஸ் இதே குணத்தை வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டவர். சிவப்பு மிகுந்த துகள்களைக் குவித்து, நெருக்கமான நடுப்பகுதி ஆரஞ்சாகவும் மஞ்சளாகவும் தகதகக்க, ஓரம் சிவப்பாக அடங்கும்படி செய்தார். ஆகவே வெளுப்பைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. எங்கே, எவ்வளவு என்பதை நாம் தீர்மானிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

துகளைப் பத்து மடங்காக்கினால் ஒவ்வொரு துகளின் வெளிச்சத்தையும் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். மொத்த ஒளி மாறாது, கோடு மட்டும் வழுவழுப்பாகும். ஆனால் 8 பிட்டில் இதற்கு ஒரு தடை உண்டு. 60, 25, 8 என்ற நிறத்தைப் பத்தால் வகுத்தால் 6, 2.5, 0.8. தசமத்துக்கு அங்கே இடமில்லை. 6, 3, 1 என்று முழு எண்ணாகிவிடும். பச்சையும் நீலமும் விகிதத்தில் கூடிவிட்டன. நூற்றுக்கணக்கில் அடுக்கும்போது கீற்றின் நிறமே வேறாகிவிடும். புராஜெக்ட்டை 16 பிட்டுக்கோ 32 பிட்டுக்கோ மாற்றினால் இந்தத் தடை போய்விடும். 32 பிட்டில் இன்னொரு லாபம்: உச்சத்தைத் தாண்டிய வெளிச்சம் வெட்டப்படாமல் எண்ணாகவே பத்திரமாக இருக்கும், கடைசியில் அதைத் திரைக்கு ஏற்றபடி இறக்கிக்கொள்ளலாம்.

கூட்டல் சரியான இடத்தில் நடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திரையில் 128 என்ற எண் பாதி வெளிச்சம் போலத் தோன்றும். உண்மையில் அது முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய 22 சதவீதம்தான். கண்ணின் உணர்வுக்கு ஏற்ப எண்கள் வளைத்து எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியே 128-ஐயும் 128-ஐயும் கூட்டினால் வெள்ளையாகிவிடும். உண்மை ஒளியின் அளவில் கூட்டித் திரும்ப மாற்றினால் சுமார் 176தான் வரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'லீனியரைஸ் வொர்க்கிங் ஸ்பேஸ்' என்ற தேர்வு இந்த நேர்மையான கூட்டலைச் செய்கிறது. அதைப் போட்டதும் கீற்றின் ஓரங்கள் இதமாக இறங்கி, நிறம் மையம் வரை தாக்குப்பிடிப்பதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

வளைவதும் கலைவதும்

இனி இடம். கீற்று கோடாக நிற்காமல் கலைந்து பரவுகிறது என்றால், துகள்கள் சேர்ந்து விலகுகின்றனவா, தனித்தனியாக விலகுகின்றனவா என்று கேளுங்கள். தும்பாவில் வானில் தெரிந்த கீற்றுக்குள்ளும் இந்த இரண்டும் நடந்தன. ஓர் உயரத்தில் வீசும் காற்று அங்கிருக்கும் எல்லா அணுக்களையும் ஒன்றாகத் தள்ளும். கீற்று வளையும், ஆனால் கீற்றாகவே இருக்கும். அணுக்கள் ஒவ்வொன்றும் தன்போக்கில் மோதி அலைவது வேறு. அதனால் கீற்று நேரம் போகப்போகத் தடித்து மங்கும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரம் வரை கொந்தளிப்பு ஆட்சி செய்கிறது. கீற்று அங்கே முடிச்சு முடிச்சாகத் திரளும். அதற்கு மேலே கொந்தளிப்பு அடங்கி, கீற்று வழுவழுப்பாக விரியும்.

மென்பொருளில் காற்றின் வேலையைச் செய்வது டர்புலன்ஸ் புலம். அருகருகே உள்ள துகள்களை அது ஏறக்குறைய ஒரே பக்கம் நகர்த்தும். கீற்று பட்டுத்துணி போல நெளியும். தன்போக்கு அலைச்சலைச் செய்வது ரேண்டம் வேகம். ஒவ்வொரு துகளுக்கும் அது வேறு வேறு திசை தரும், கீற்று பொடியாகும். நெளிவு வேண்டும் என்று ரேண்டம் வேகத்தை ஏற்றுபவர்கள் புகைமண்டலத்தைத்தான் பெறுவார்கள். ஒழுங்கான கீற்றுக்கு முதலில் எல்லா வேகங்களையும் சுழியாக்கிவிட்டு, டர்புலன்ஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கடைசி நொடியில் உதிரும் பொடிக்கு மட்டும் சிறிது ரேண்டம் கொடுத்தால் போதும்.

எமிட்டரின் நகர்விலிருந்து துகளுக்கு வேகம் தொற்றிக்கொள்ளும் அமைப்பு ஒன்றும் உண்டு. அது சுழியில் இல்லாவிட்டால் வளைவில் பிறக்கும் துகள்கள் வழியை விட்டு வெளிப்பக்கம் வழுக்கிப் போகும். வளைவுகளில் மட்டும் கீற்று தடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எமிட்டர் எங்கே போனது?

சில சமயம் கீற்றே வராது. அல்லது நாம் வரைந்த வழி ஓரிடம், கீற்று வேறோரிடம். ஒரு லேயரை இன்னொன்றின் பிள்ளையாக இணைத்தால், அதன் இடம் தாய் லேயரிலிருந்து அளக்கப்படும். அந்த எண்ணை அப்படியே எமிட்டருக்குக் கொடுத்தால் எமிட்டர் அதைத் திரையின் மூலையிலிருந்து அளந்துகொண்டு எங்கோ போய் நிற்கும். 'டுகாம்ப்' என்ற எக்ஸ்பிரஷனால் இடத்தைத் திரைக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.

விளக்கு லேயரை எமிட்டராக வைக்கும்போது அதன் பெயரும் முக்கியம். பர்டிகுலர் 'எமிட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் பெயருள்ள விளக்கைத் தேடும். அமைப்பில் மாற்றாதவரை வேறு பெயரைக் கண்டுகொள்ளாது. ஓர் எழுத்துப் பிழை போதும், திரை இருட்டாகவே கிடக்கும்.

நடுவிலிருந்து ஓட்டிப் பார்த்தால் கீற்று ஒரு மாதிரி, தொடக்கத்திலிருந்து ஓட்டினால் வேறு மாதிரி என்ற புகாரும் உண்டு. இன்றைய துகளின் இடம் நேற்றைய வேகத்தைச் சார்ந்தது என்பதால், சில மென்பொருள்கள் முதல் பிரேமிலிருந்தே கணக்கிட வேண்டியிருக்கும். பழைய கேஷைக் காலிசெய்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். பாதி அளவு முன்னோட்டத்தை வைத்துத் தீர்ப்பும் எழுதாதீர்கள். நுண்ணிய துகள்கள் முழு அளவில் வேறு விதமாகத் தெரியும்.

கறுப்பு விளிம்பும் பட்டையும்

கணினியில் அழகாக இருந்த கீற்று, வாடிக்கையாளரின் திரையில் கறுத்த விளிம்போடு தெரிவது கடைசிக் கட்டக் கோளாறு. ஒளிக்கு மறைக்கும் குணம் கிடையாது. அது பின்னால் உள்ளதோடு கூடும். ஆனால் ஆல்ஃபா என்பது மறைக்கும் கணக்கு. கறுப்பின் மேல் பெருக்கி வைத்த ஓரங்களை, பெருக்காதவை என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கறுப்பு விளிம்பாக ஒட்டிக்கொள்ளும். ஆல்ஃபாவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைக் கோப்பை உள்ளே எடுக்கும்போது சரியாகச் சொல்ல வேண்டும். அதைவிட எளிது, கீற்றைக் கறுப்புப் பின்னணியிலேயே ரெண்டர் செய்து 'ஆட்' அல்லது 'ஸ்கிரீன்' முறையில் காட்சியின் மேல் வைப்பது.

கீற்றைச் சுற்றிப் படரும் கிளோ என்னும் ஒளி பட்டை பட்டையாகத் தெரிந்தால் பிட் ஆழம் போதவில்லை. 600 பிக்சல் நீளத்துக்கு 40 என்ற எண்ணிலிருந்து 0 வரை இறங்கும் ஒளிக்கு 8 பிட்டில் 40 படிகள்தான். ஒவ்வொரு படியும் 15 பிக்சல் அகலம். இருட்டில் கண் அதைப் பிடித்துவிடும். 16 பிட்டில் வேலை செய்து, இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத அளவு இரைச்சலைத் தூவினால் படிகள் கரைந்துவிடும்.

எந்த வரிசையில் பார்ப்பது

கிளோ, மோஷன் பிளர், டர்புலன்ஸ், நிறக்கலப்பு எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். துகளைச் சாதாரண வெள்ளைப் புள்ளியாக்குங்கள். எமிட்டர் வழியில் போகிறதா என்று பாருங்கள். பிறகு இடைவெளி, பிறகு சப்ஃப்ரேம், பிறகு வேகங்கள், பிறகு நிறமும் கூட்டலும், கடைசியில் கிளோவும் ஏற்றுமதியும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் என்ன ஆகும் என்று மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னபடி நடந்தால் காரணம் புரிந்துவிட்டது. நடக்காவிட்டால் தேட வேண்டிய இடம் குறுகிவிட்டது. இரண்டிலும் லாபம்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் குமிழின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அடுத்த பதிப்பில் குமிழின் பெயர் மாறும், இடம் மாறும், வேறொரு மென்பொருள் சந்தையைப் பிடிக்கும். அப்போது மனப்பாடம் செய்தவர் திரும்பவும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். வேகத்தைத் துகள் எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி வரும் என்று அறிந்தவரோ, ஃபியூஷனைத் திறந்தாலும் பிளெண்டரைத் திறந்தாலும் நேராக வேலையைத் தொடங்கிவிடுவார். பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே கால்குலேட்டரை எடுத்து வைத்து இந்த நான்கு கணக்குகளையும் போட வைக்க வேண்டும். கலைக்கண் பழகப் பழக வரும். அது வரும் வரை கையைப் பிடித்து நடத்த இந்தக் கணக்கு போதும்.